ஏழாயிரத்து இருநூறு

நாலு போல்ட்டைக் கழற்ற ஒன்றரை மணி நேரம்.
ஐந்து சீசன் சூட்டில் இறுகிப்போன இரும்பு,
ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டால் என்ன,
லேசில் விடவில்லை.
சங்கிலிக் கப்பியில் தொங்கியபடி
பழைய எஞ்சின் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது.
"ஏளா கனி, புடி, சாயுது" என்றார் பிரமநாயகம்.
பிடித்தேன்.
காலையில் ஓட்டிப் பார்த்த வெதுவெதுப்பு
இன்னும் இருந்தது அதன் வயிற்றில்.

கோயம்புத்தூர் வேங்கடபதி கட்டிய எஞ்சின்.
பெருமழை ஆண்டில், ரயில் இல்லையென்று
கேம்ஷாப்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து
மூன்று பஸ் மாறி வந்த மனுசன்.
வண்ணார்பேட்டையில் இறங்கி
பாலத்தை முட்டிப் போன தண்ணீரைப் பார்த்து
"உங்க ஆத்துக்கு எஞ்சின் யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டு
நேரே எங்கள் பேட்டை ஷெட்டுக்கு வந்து
விடியும்வரை வால்வு தட்டினார்.

புதுக் கம்பெனி புனேயில் இருக்கிறது.
காசே வேண்டாம் என்கிறது.
ஆண்டுக்கு மூன்று எஞ்சின், லாரிக் கூலி உட்பட.
வண்டியின் இரண்டு பக்கமும் அவர்கள் பெயர்,
மூக்கில் கொஞ்சம் எங்கள் பெயர்.
கிரஷர் முதலாளி ஞானதிரவியம்
கல்லுடைத்த காசு எவ்வளவு புகையாய்ப் போனதென்று
கூட்டிப் பார்த்தார்.
வேங்கடபதிக்கு யார் சொல்வது என்பது
அந்தக் கூட்டலில் வரவில்லை.
போன் என் கைக்கு வந்தது.
நான் வயர் போடுகிறவள்.

சொன்னேன்.
அந்தப் பக்கம் லேத் ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்திவிட்டு வந்தார்.
"ஆயில வடிச்சுட்டு அனுப்புங்க அம்மணி.
போன தடவ பெட்டியெல்லாம் ஒழுகிருச்சு."

புது எஞ்சின் பன்னிரண்டு கிலோ குறைவு,
முப்பத்திரண்டு மில்லி நீளம் கூடுதல்.
செருப்புக்காகக் காலை வெட்டாதே என்பார்கள்.
வெட்டினோம்.
பின் தடுப்பை அறுத்து, வெல்டு வைத்து,
அறுபத்துநாலு வயரையும் புதுசாய் இழுத்தேன்.
பழைய போல்ட் துளைகள் நாலும்
எதையும் பிடிக்காமல் அப்படியே கிடக்கின்றன.

கயத்தாறு பழைய ஓடுதளம், ஆனிக் காற்று.
சுற்றிலும் காற்றாலைகள்.
காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகம் திருப்புகிறவை.
அன்று அவற்றை நிமிர்ந்து பார்க்க
எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

செய்யது மீரான் ஓட்டினான்.
பழைய எஞ்சின் ஏழாயிரத்து இருநூறில்
தொண்டை கட்டியவன் கூப்பிடுவதுபோல் கரகரக்கும்.
அங்கே கியர் மாற்றுவான்.
இது எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்வரை போகும்.
போகவிடவில்லை.
பதினேழு தடவை,
பதினேழும் ஏழாயிரத்து இருநூறில்.
சிவப்பு லைட் வைத்துக் கொடுத்தேன்.
"லைட்டப் பாக்கதுக்குள்ள கை போயிருதுக்கா.
காதுல்லா கியர் போடுது, நான் என்ன செய்ய?"

புனேயிலிருந்து வந்த பையன்
லேப்டாப்பில் எதையோ தேடினான்.
பிரமநாயகம் முதலுதவிப் பெட்டியைத் திறந்து
பஞ்சை எடுத்தார்.
இரண்டு காதிலும் திணித்து, மேலே டேப் ஒட்டி,
ஹெல்மெட்டை மாட்டி, முதுகில் ஒரு தட்டு.

எட்டாயிரத்தைத் தாண்டியபோது
எங்களுக்குத்தான் காது கூசியது.
உடைமரத்து மயில்கள் எழுந்து போயின.
ஞானதிரவியம் வாயைத் திறந்தபடி நின்றார்.
அந்தச் சத்தம் எங்கள் வண்டியிலிருந்து வருகிறது என்பதை
நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து நம்பினேன்.

ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் வினாடி மிச்சம்.
மீரான் இறங்கினான். பஞ்சை மறந்துவிட்டான்.
"யாருவே செத்தது,
எல்லாரும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய?"
என்று ஓடுதளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

இரண்டு முறை வடித்தேன்.
இருந்தும் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில்
பெட்டியின் அடியில் உள்ளங்கை அளவு கறை.
"உள்ள என்னக்கா?"
"எஞ்சின்."
"ஓடுமா?"
"ஏழாயிரத்து இருநூறு வரைக்கும்" என்றேன்.
அவன் எடை மட்டும் எழுதிக்கொண்டான்.